உயிர் தொங்கும் கயிறு: சோதிப்பது யார் பொறுப்பு?

வீரத்தைப் போற்றுவதில் நாம் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். வெள்ளம் சூழ்ந்த வீட்டின் மொட்டை மாடியிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்லும் படத்தை ஏடுகளில் கண்டபோது நாமும் கண் கலங்கினோம். தூக்கிய வீரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டோம். ஆனால் ஊரெல்லாம் வீரரின் முகத்தைப் பார்த்தபோது, துறைமுகத்திலும் கட்டட வேலையிலும் கயிறு பிடித்து வயிறு வளர்க்கும் நம்மவர் பார்வை வேறோர் இடத்துக்குப் போயிற்று. அது கயிற்றின்மேல் போயிற்று. "இந்த வயரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?" என்று நம் சங்கத்து மூத்த ரிக்கர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கிருந்த எவரிடமும் விடை இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் இந்த இதழில் நாம் எழுப்புகிறோம். பார்க்கச் சிறிய கேள்விதான். ஆனால் அதில் தொங்குவது மனித உயிர்.

யார் உயிர்? மாளிகைவாசியின் உயிரா? அவர் புயல் வருமுன் ஊரைவிட்டுப் போய்விடுவார். கடைசிவரை அங்கேயே நின்று, கடைசியில் கயிற்றில் தொங்குகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பம்பாய் ஹை என்று நாம் இன்றும் அழைக்கும் எண்ணெய் வயலில் ஒப்பந்தக் கூலியாக வெல்டிங் அடிக்கிறவர். ஆழ்கடலுக்குப் படகில் போன குமரி மாவட்டத்து மீனவர். ஆற்றங்கரைக் குடிசையில் பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டவர். சுருங்கச் சொன்னால், நாம்.

2021 மே மாதத்தை மும்பைத் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. தவுக்தே புயல் வருகிறது என்று வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ஆயினும் பி-305 என்னும் தங்கும் பார்ஜ் 261 பேரோடு கடலிலேயே நின்றது. நங்கூரம் அறுந்தது, பார்ஜ் மிதந்து சென்று மோதியது, மே 17 மாலை மூழ்கியது. வரப்பிரதா என்ற இழுவைப் படகும் மூழ்கியது. இரண்டிலும் இருந்த 274 பேரில் 188 பேரைக் கடற்படை உயிரோடு மீட்டது. 86 பேர் மாண்டனர். கொந்தளித்த கடலில், இருட்டில், மணிக்கணக்காகப் போராடி அந்த 188 பேரை மீட்டவர்களுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் நங்கூரச் சங்கிலி தாங்குமா என்று புயலுக்கு முன்பே எவரேனும் கேட்டிருந்தால் அந்த வீரத்துக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது. இந்த உண்மையை நாம் ஒரு சங்கிலியிடமிருந்து கற்றோம். கயிற்றிடமிருந்தும் கற்க வேண்டும் என்பதே நம் வாதம்.

2015-இல் சென்னை வெள்ளம், 2017-இல் ஒக்கிப் புயல், 2018-இல் கேரள வெள்ளம், 2023 டிசம்பரில் திருநெல்வேலி - தூத்துக்குடி வெள்ளம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகள் வானத்தைப் பார்த்தே காத்திருந்தார்கள். இப்படி ஒவ்வொரு பேரிடரிலும் ஹெலிகாப்டரின் தேவை பெருகி வருகிறது. தேவை பெருகினால் தேய்மானமும் பெருகும். இதை அறிய எஞ்சினியர் ஆக வேண்டியதில்லை. கிணற்றில் நீர் இறைத்தவருக்கே தெரியும்.

இந்தியாவில் நடந்த இரண்டு மீட்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, இமாச்சலப் பிரதேசத்துப் பர்வானூ. 1992 அக்டோபர் 13 அன்று அங்கே ரோப்வேயின் இழுகம்பி அறுந்து, தொங்குபெட்டி ஒன்று பள்ளத்தாக்கின் நடுவே நின்றுபோனது. பதறிக் குதித்த பணியாளர் இறந்தார். பத்துப் பயணிகள் அந்தரத்தில் இருந்தார்கள். விமானப்படை எம்.ஐ.-17 ஹெலிகாப்டரோடு வந்தது. மேஜர் இவான் கிராஸ்டோ வின்ச் கம்பியில் இறங்கிப் பெட்டியின் கூரையில் கால் வைத்தார். இருட்டுவதற்குள் ஐந்து பேரை ஏற்றினார்கள். மற்ற ஐவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அன்றிரவு முழுதும் அவர் அந்தப் பெட்டியிலேயே இருந்தார். மறுநாள் காலை எஞ்சியவர்களும் மீண்டார்கள். அந்த ஹெலிகாப்டரைச் செலுத்தியவர்களில் ஒருவர் ஃபாலி ஹோமி மேஜர். பின்னாளில், 2007-இல், விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார். அன்று மனிதரின் நெஞ்சும் உறுதியாக இருந்தது, கம்பியும் உறுதியாக இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் மீட்பு.

இரண்டாவது, ஜார்க்கண்டின் தேவ்கர் அருகே உள்ள திரிகூட மலை. 2022 ஏப்ரல் 10, இராமநவமி நாள். ரோப்வே பழுதுபட்டு, பெட்டிகள் மோதி, பத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் மக்கள் தொங்கினார்கள். அந்த விபத்திலேயே ஒரு பெண் இறந்தார். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் 26 மணி நேரம் பறந்து 35 பேரை ஏற்றி வந்தன. கம்பிகளுக்கு நடுவே, காற்றைக் கிளப்பிப் பெட்டிகளை ஆடவைக்கும் அபாயத்தோடு செய்த அரிய பணி அது. ஆனாலும் ஹெலிகாப்டரின் வாசல்வரை போய்விட்ட ஒருவர் பிடி நழுவிக் கீழே விழுந்து இறந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மறுநாள் கயிறு அறுந்து ஒரு பெண்ணும் விழுந்து இறந்தார். இரண்டு நாள் உணவின்றி, நீரின்றி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் காப்பாற்றப்படும் வேளையில் மாண்டார்கள்.

35 பேர் மீண்டதைச் சொல்லி இரண்டு பேரை மறக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நாம் மறக்க மாட்டோம். அந்த 35 பேருக்காக நன்றி சொல்வோம். அந்த இரண்டு பேருக்காகக் கேள்வி கேட்போம். இரண்டும் ஒரே வாயால் செய்யக் கூடியவையே.

இனிக் கருவிக்கு வருவோம். ஹெலிகாப்டரின் வாசலுக்கு மேலே பொருத்தியிருக்கும் வின்ச்சில் ஓர் உருளை, அதைச் சுற்றி மெல்லிய எஃகுக் கம்பி, நுனியில் சுழலும் கொக்கி, கொக்கியில் மாட்டும் பட்டை. அவ்வளவுதான். கம்பியின் தடிமன் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஒரு பென்சிலைவிட மெல்லியது. பெரும்பாலான வின்ச்களில் அது 133 நுண்கம்பிகளை முறுக்கிச் செய்தது. இரண்டு பேரைச் சேர்த்துத் தூக்கக் கூடிய வின்ச் என்றால் 270 கிலோ அளவுக்குப் பாரம் ஏற்கும்.

இதில் எது கெடும்? எல்லாமே கெடும். கப்பலின் கைப்பிடிக் கம்பியிலோ கட்டட விளிம்பிலோ உரசினால் நுண்கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். பாரம் இல்லாமல் தளர்வாகச் சுற்றினால் உருளையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். திடீரென வெட்டி இழுத்தால் முறுக்கு அவிழ்ந்து, கம்பி கூண்டுபோல உப்பும். உப்புக் காற்று பட்டு நல்ல நீரில் கழுவாமல் விட்டால் உள்ளிருந்தே அரிக்கும். கொக்கியின் பேரிங் இறுகினால் தொங்குபவர் பம்பரமாய்ச் சுழல்வார். பட்டையின் தையல் வெயிலில் இற்றுப் போகும். கம்பி எங்காவது சிக்கிக்கொண்டால் ஹெலிகாப்டரைக் காப்பாற்ற அதை வெடித்து அறுக்கும் சிறிய தோட்டா ஒன்று வின்ச்சில் உண்டு. அதற்கும் காலாவதித் தேதி உண்டு.

சோதிக்கும் முறை என்ன? மந்திரமா? நம் ரிக்கர்கள் கிரேன் கம்பியைச் சோதிப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். கம்பி முழுவதையும் வெளியே விட வேண்டும். துணியை வைத்துப் பிடித்து மெல்ல உருவ வேண்டும். அறுந்த நுண்கம்பி இருந்தால் துணியில் மாட்டும். நம்மவர் பனியன் வேஸ்ட்டால் செய்வது இதைத்தான். பிறகு தடிமனை அளக்க வேண்டும், கொக்கியைச் சுற்றிப் பார்க்க வேண்டும், பாரம் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை முறை தூக்கியது என்று கணக்கு எழுத வேண்டும். கணக்கு வரம்பைத் தொட்டதும், பார்வைக்குப் புதிதாகவே தெரிந்தாலும், கழற்றி எறிய வேண்டும். கடைசிச் சொல்தான் முக்கியம். "இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம்" என்ற வாக்கியத்தால் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதை மும்பைக் கட்டடங்களின் லிப்ட் குழிகளைக் கேட்டுப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் பழுது மட்டுமே பழுது என்று எண்ணிவிடக் கூடாது. 2015 நவம்பரில் ஐரோப்பிய வான்பாதுகாப்பு அமைப்பு ஓர் அவசர ஆணை பிறப்பித்தது. ஹெலிகாப்டரின் வெளிப்புறத்தில் மாட்டும் ஒரு வகை வின்ச்சில், பராமரிப்புச் சோதனைக்காகப் பாரம் தொங்கவிட்டபோது, கம்பி தானாகவே அவிழ்ந்து கீழே இறங்கியது. கம்பி அறவில்லை, கொக்கி கழலவில்லை. உள்ளே, அதிகப் பாரத்திலிருந்து வின்ச்சைக் காக்க வைத்திருந்த கிளட்ச் வழுக்கியிருந்தது. காவலுக்கு வைத்த பொருளே கைவிட்டது. நல்ல வேளையாக அன்று தொங்கியது சோதனைப் பாரம்; மனிதர் அல்லர். அந்த வகை வின்ச்களை எல்லாம் பாரம் கட்டிச் சோதி, தேறாததைக் கழற்றிவிட்டு வேறு மாட்டு என்று ஆணை போயிற்று. அமெரிக்காவின் விமானத் துறையும் பிறகு அவ்வாறே ஆணையிட்டது. ஒரு சோதனை நாளில் வெளிப்பட்ட குறை பல நாடுகளில் பல உயிர்களைக் காத்தது. இதுதான் சோதனையின் பயன்.

இன்னொன்றும் உண்டு. 2013-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், அக்குளுக்கு அடியில் சுற்றும் பட்டையில் ஒரு நோயாளியைத் தூக்கினார்கள். ஹெலிகாப்டரின் வாசலை அடைந்த நேரத்தில் அவர் பட்டையிலிருந்து நழுவி விழுந்து இறந்தார். அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்து அறிக்கையை வெளியிட்டது. அந்த வகைப் பட்டை எல்லா உடலுக்கும், எல்லா நோயாளிக்கும் ஏற்றதல்ல என்பதை மீட்புத் தொழிலில் உள்ள எல்லோரும் படித்தறிந்தார்கள். குறை என்றால் அறுந்த கம்பி மட்டுமல்ல. ஆளுக்குப் பொருந்தாத பட்டையும் குறையுள்ள கருவியே.

இங்கே நம் நாட்டு நிலைக்கு வருவோம். தரையிலுள்ள கயிற்றுக்குச் சட்டம் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பளுதூக்கும் எந்திரம், சங்கிலி, கயிறு ஆகியவற்றைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும், லிப்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும் என்று எழுதியது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பெயர் மாறினாலும் அந்தக் கடமை ஓர் எழுத்துக்கூடத் தளரக் கூடாது என்பது தனிப் போராட்டம். அதைப் பற்றித் தனியே எழுதுவோம். நாம் இங்கே சொல்ல வருவது இதுதான்: ஆலையில் இரும்புத் துண்டைத் தூக்கும் கயிற்றின் பதிவேட்டைத் தொழிற்சாலை ஆய்வாளர் கேட்கலாம், யூனியன் கேட்கலாம். வானில் மனிதரைத் தூக்கும் கயிற்றின் பதிவேட்டை யார் கேட்பது?

பயணிகள் செல்லும் சிவில் ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளானால், விபத்து விசாரணைப் பணியகம் அறிக்கை வெளியிடுகிறது. ஆனால் பேரிடரில் நம்மைத் தூக்க வருபவை பெரும்பாலும் விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்களே. அவற்றின் விசாரணை உள்ளே நடக்கிறது, உள்ளேயே முடிகிறது. தூக்கப்பட்டவரின் குடும்பத்துக்குப் பாடம் சொல்வார் இல்லை.

"பாதுகாப்பு இரகசியத்தைக் கேட்கிறீர்களா?" என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். இல்லை. எத்தனை ஹெலிகாப்டர், எந்தத் தளத்தில் என்று நாம் கேட்கவில்லை. கொக்கி சோதிக்கப்பட்டதா, பட்டை மாற்றப்பட்டதா என்று கேட்கிறோம். ஒரு பட்டையின் வயதைச் சொல்வதால் எந்தப் பகைவனும் எல்லை தாண்டி வந்துவிட மாட்டான்.

"சோதனை சோதனை என்று எல்லாவற்றையும் தரையில் நிறுத்திவிட்டால் மீட்பு யார் செய்வது?" என்றும் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. தட்டிக் கழிக்க மாட்டோம். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தபின், நாடு முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட துருவ் ஹெலிகாப்டர்களை நிறுத்திவைத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் உரியவை மீண்டும் பறக்கவே மாதங்கள் ஆயின. இதனால் ஏற்பட்ட தொல்லையை நாம் அறிவோம். ஆனால் அந்தத் தொல்லையே நம் வாதத்துக்குச் சான்று. காலத்தோடு சிறிது சிறிதாகச் சோதிக்காமல் விட்டால், ஒரு நாள் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்த நேரும். வின்ச் கழற்றி மாட்டக் கூடிய கருவி. உதிரி வின்ச்சும் உதிரிக் கம்பியும் கையிருப்பில் இருந்தால், ஒன்று சோதனைக்குப் போகும்போது மற்றொன்று பறக்கும். பருவமழை எப்போது வரும் என்பது நாடறிந்தது. அதற்கு முன்பே இந்த வேலையை முடிக்கத் தடை என்ன? பணமா? விழாப் பந்தலுக்குக் கிடைக்கும் பணம் கம்பிக்குக் கிடைக்காதா?

இதைக் கேட்பது வீரர்களுக்கு எதிரானது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கம்பியில் முதலில் இறங்குபவர் வீரரே. 2024 செப்டம்பர் 2 இரவு, போர்பந்தருக்கு அப்பால் ஓர் எண்ணெய்க் கப்பலில் காயமுற்றவரை ஏற்றிவரச் சென்ற ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. நால்வரில் மூவர் உயிரிழந்தனர். காப்பாற்றப் போனவர்களுக்கும் பெற்றோர் உண்டு, பிள்ளைகள் உண்டு. அவர்கள் கையில் பழுதற்ற கருவியைக் கொடுப்பதே அவர்களுக்குச் செய்யும் முதல் மரியாதை. பதக்கம் அதற்குப் பிறகு.

ஆகவே நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: மீட்புக்குப் பயன்படும் ஒவ்வொரு வின்ச், கம்பி, கொக்கி, பட்டை ஆகியவற்றுக்கும் தூக்கிய கணக்கும் சோதித்த தேதியும் கொண்ட பதிவேடு இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்பு, படைகளுக்கு வெளியே உள்ள தகுதியுள்ள ஒருவரும் சேர்ந்து அதைச் சரிபார்க்க வேண்டும். "சோதித்தோம், இத்தனை தேறின, இத்தனை கழிக்கப்பட்டன" என்ற ஒரு வரி அறிவிப்பு மக்கள் முன் வர வேண்டும்.

இரண்டு: மீட்பின்போது மனிதர் விழுந்தால், இராணுவ இரகசியம் நீங்கலாக, கருவி பற்றிய விசாரணை முடிவைக் குடும்பத்துக்கும் பொதுமக்களுக்கும் அவர்கள் படிக்கும் மொழியில் தர வேண்டும்.

மூன்று: ஒரு வகைக் கருவியில் எந்த நாட்டில் குறை கண்டாலும், அதே வகை இங்கே உள்ளதா, சோதித்தாயிற்றா என்பதைக் குறித்த நாளுக்குள் அரசு சொல்ல வேண்டும்.

நான்கு: எண்ணெய் வயலில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கு அளிக்கும் அதே உயிர்காப்புப் பயிற்சி, அவருக்குப் புரியும் மொழியில் கிடைக்க வேண்டும். ஹெலிகாப்டர் கம்பியைச் செத்தபிறகு அறிமுகப்படுத்துவதில் பயனில்லை.

அரசிடம் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாகாது. கடலுக்குப் போகும் தம்பிமாரும் அவர்கள் வீட்டாரும் சிலவற்றை இன்றே மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மேலிருந்து கொக்கி இறங்கினால் பாய்ந்து பிடிக்காதீர்கள். அதில் மின் ஏற்றம் இருக்கும், தரையையோ நீரையோ தொட்ட பிறகே பிடிக்க வேண்டும். கம்பியைப் படகிலோ கைப்பிடியிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். அக்குள் பட்டையில் தூக்கும்போது கைகளை மேலே உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் உடல் நழுவும், கைகளை உடலோடு ஒட்டிக் கீழே வைத்திருங்கள். வாசலை அடைந்ததும் தாவிப் பிடிக்க முயலாதீர்கள். உள்ளே இருப்பவர் இழுத்துக்கொள்வார். உங்கள் சொந்த வேலையிடத்தில் பெல்ட், ஸ்லிங், ஷாக்கிள் எதுவானாலும் மாட்டுமுன் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மாட்டாதீர்கள். மேஸ்திரி முகம் சுளித்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். நாம் வந்து நிற்போம்.

தாராவியிலும் சயானிலும் பன்வேலிலும் புயல் இரவுகளில் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த தாய்மாரை நாம் பார்த்திருக்கிறோம். "ஹெலிகாப்டர் வந்துவிட்டதாம்" என்று சேதி வந்ததும் அவர்கள் விட்ட பெருமூச்சையும் கேட்டிருக்கிறோம். அந்தப் பெருமூச்சுக்கு அரசு பொறுப்பாக வேண்டும். ஹெலிகாப்டர் வந்தால் மட்டும் போதாது. அது இறக்கும் கம்பி தாங்க வேண்டும்.

சோதிக்கச் சொல்வோம். தேறாததை மாற்றச் சொல்வோம். அடுத்த மழைக்கு முன்பே சொல்வோம்.